அக்காவிடம் ஒரு டிஸ்க், தம்பியிடம் ஒரு டிஸ்க்

ஜூன் 3

தம்பிக்கு,

ஒன்பது வருடம் கழித்து அக்கா கடிதம் போடுகிறாளே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் கூப்பிட்டால் நான் கத்துவேன், நீ 'ம்' கொட்டுவாய், பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

கிரேன் லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து உன் மாமாவுக்கு ஒரு தபால் வந்திருக்கிறது. லைசென்ஸ் பறிக்கப்பட்டவர்கள், அன்றைய விசாரணையில் பார்க்காத புதிய ஆதாரம் ஏதாவது இருந்தால், ஒரே ஒரு முறை மறு விசாரணை கேட்கலாமாம். கடைசி நாள் ஆகஸ்ட் 20. அவர் படித்துவிட்டு நாலாக மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டார். "நம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்கு, விடு" என்றார். பதினாலு வருடமாக இந்த 'விடு'வைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எத்தனையோ டன் இரும்பை முட்டை இறக்குவதுபோல் இறக்கி வைத்த மனிதர், இப்போது ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் வண்டி வந்தால் கம்பியைத் தூக்கிவிடுகிறார். "இன்னமும் தூக்குற வேலைதான்" என்று அவரே கிண்டல் செய்துகொள்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

விபத்தைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. யார்டு வாசலில், லாரிகளை எடை போடும் எடைமேடை அறையில் நீதான் உட்கார்ந்திருந்தாய். ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கோபம் ஒழுங்காக வரும். லாரியில் வந்த இயந்திரம் 18,400 கிலோ என்று நீ கொடுத்த எடைச்சீட்டு சொன்னது. அந்தக் கிரேன் இருபதாயிரம் வரை தாங்கும். சீட்டைப் பார்த்துத் தூக்கினார். கிரேன் சாய்ந்தது. கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிற, நாம் எல்லோரும் கைகாட்டி என்று கூப்பிடுகிறவருக்கு ஒரு கால் போய்விட்டது. சீட்டில் எடை சரியாக இருக்கிறது, அப்படியானால் ஓட்டியவனின் தவறுதான் என்று எழுதி முடித்தார்கள். "பாரம் அதிகம், என் கைக்குத் தெரிஞ்சுது" என்று உன் மாமா எவ்வளவோ சொன்னார். கைக்குத் தெரிந்ததை யார் காகிதத்தில் எழுதிக்கொள்வார்கள்?

பிறகு அந்த யார்டை மூடினார்கள். நீ ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால், எடைமேடைக் கம்ப்யூட்டரின் டிஸ்க் என்று ஒன்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்தாய். "எல்லாம் இதில இருக்கு அக்கா" என்றாய். நான் அதை நம்பிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரன் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லம்மா, காலி டிஸ்க்" என்று கையை விரித்தான். சொந்தத் தம்பியே என் காதில் பூச்சுற்றிவிட்டான் என்று அன்றோடு உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன். ஏன் என்று நீ கேட்கவும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

இப்போது மகளுக்குப் பாகம் பாகமாக வாங்கிப் புதிய கம்ப்யூட்டர் சேர்த்திருக்கிறோம். நானே அந்த டிஸ்க்கை மாட்டிப் பார்க்கப்போகிறேன். தொழிற்சாலையில் நாற்பது தையல் மெஷின்களைக் கழற்றி மாட்டுகிறவளுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். மூடியைத் திறந்ததும் மூக்கு உடைந்தது. டிஸ்க்குக்குப் பின்னால் இரண்டு வரிசை ஊசிகள், முப்பத்தொன்பது எண்ணினேன். புதிய மதர்போர்டில் அதற்கு இடமே இல்லை. என் சுண்டுவிரல் நகம் அகலத்துக்குச் சின்னச் சின்ன வாய்கள்தான் இருக்கின்றன.

அந்தக் கம்ப்யூட்டரில் இது எப்படி மாட்டியிருந்தது, இதற்கு என்ன வேண்டும் என்று எழுது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நலம் விசாரிக்க வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்கவில்லை. மாமா கண்ணாடி போட ஆரம்பித்துவிட்டாரா என்று மட்டும் கேட்கிறேன். இது அதில் சேராது.

உன் கடிதத்தைப் பணிமனை ஜன்னலில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். இங்கே பஸ் மெக்கானிக்குகளுக்கு ஸ்பானர் கொடுத்து வாங்கி வைக்கிற வேலை எனக்கு. "பதினாறாம் நம்பர் கேட்டா பதினெட்டு குடுக்கிறியே, தூங்குறியா?" என்று ஒருவர் திட்டிவிட்டுப் போனார்.

காலி டிஸ்க்கா? அக்கா, நான் காலி டிஸ்க்கைக் கொடுத்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். விசாரணையில் நான் மாமாவுக்காக வாய் திறக்கவில்லை, அதற்குத்தான் கோபம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கோபம் நியாயம் என்பதால் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கம்ப்யூட்டரை நானே திறந்து, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கைத்தான் கழற்றினேன். உள்ளே ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் இருந்தன. ஒன்றுக்கு ஒன்று நகல் என்று நினைத்து ஒன்றை உனக்குக் கொடுத்தேன். இன்னொன்று என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இனி நீ கேட்டது. அதற்கு அகலமான பட்டை கேபிள்தான் அந்தக் காலத்தில். புதிய போர்டில் நேராக மாட்ட முடியாது. பழைய டிஸ்க்கைப் புதிய வாயில் சேர்க்கிற சின்ன அடாப்டர் கடைகளில் கிடைக்கும். தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும். மின்சாரத்துக்கு நாலு ஓட்டை உள்ள பெரிய வெள்ளை பிளக் வேண்டும். மகளின் கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், பார்.

முக்கியமானது ஒன்று. ஊசிகளுக்கும் மின்சார வாய்க்கும் நடுவில் ஒரு சின்னக் கறுப்புத் தொப்பி இருக்கும். அதற்கு ஜம்பர் என்று பெயர். டிஸ்க்கின் மேலே ஒட்டியிருக்கும் படத்தில் 'மாஸ்டர்' என்று எந்த இடம் போட்டிருக்கிறதோ அங்கே அதை மாற்றிக் குத்து. வேறு இடத்தில் இருந்தால் புதிய போர்டு அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. பழைய டிஸ்க், மெதுவாகக் கையாள். ஓடும்போது அசைக்காதே.

நான் எடைமேடை வேலைக்குத் திரும்பப் போகவே இல்லை. நீ அதைக் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதத் தோன்றியது.

உன் தம்பி

*

ஜூன் 27

தம்பிக்கு,

அடாப்டர் கிடைத்தது. கடையில் கேட்டபோது, "இந்தக் காலத்துல யாரும்மா இதை மாட்டுறாங்க?" என்றான். "நான்" என்றேன். தேடி எடுத்துக் கொடுத்தான்.

முதல் நாள் மாட்டினேன், டிஸ்க் சுழன்றது, திரையில் எதுவும் இல்லை. நீ சொன்ன தொப்பியைத் தொட மறந்திருந்தேன். மறுநாள் பாபினுக்குள் சிக்கிய நூலை எடுக்கிற இடுக்கியால் அதைப் பிடுங்கி இடம் மாற்றினேன். கம்ப்யூட்டர் விழிக்கும்போது வருகிற முதல் பக்கத்தில் டிஸ்க்கின் பெயர் வந்துவிட்டது. நான் கைதட்டியதில் உன் மாமா எழுந்து வந்தார். இத்தனை நாள் அவரிடம் சொல்லாமல் செய்துகொண்டிருந்தேன். டிஸ்க் கரகரவென்று ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பேரிங் தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு 'விடு' என்று சொல்லவில்லை.

அடுத்தது ஒரு கட்டம் வந்தது. இந்த டிஸ்க்கை உபயோகிக்க வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது. மகள் என் கையைத் தட்டிவிட்டிருக்காவிட்டால் 'சரி' என்று அமுக்கியிருப்பேன். எல்லாம் அழிந்துபோயிருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன் அந்தக் கடைக்காரன் இதே கட்டத்தைப் பார்த்துத்தான் காலி என்று சொல்லியிருக்கிறான்.

மகள் ஒரு மென்பொருள் தேடினாள். டிஸ்க்கில் எதையும் எழுதாமல், இருப்பதை அப்படியே காட்டுமாம். முதலில் டிஸ்க்குக்கு முழு நகல் எடுத்துக்கொண்டோம். அந்த நகலைத் திறந்து மூன்று நாள் பக்கம் பக்கமாகத் தள்ளினேன். பூச்சி பூச்சியாகக் குறிகள். நாலாம் நாள் எழுத்து வந்தது. தேதி, நேரம், லாரி எண், எடை, சீட்டு எண், ஆள் எண். உன் எடைமேடைதான்!

ஆனால் பிய்ந்து பிய்ந்து வருகிறது. கிட்டத்தட்ட பதினெட்டு நாள் வரி ஒழுங்காக ஓடுகிறது. திடீரென்று ஒரு எண்ணின் பாதியில் அறுந்து, பதினெட்டு நாள் தள்ளி இன்னொரு எண்ணின் பாதியிலிருந்து தொடங்குகிறது. எங்கே பார்த்தாலும் இதே கணக்கு. பதினெட்டு நாள் இருக்கிறது, அடுத்த பதினெட்டு நாளைக் காணோம். பழுதானால் இப்படி அளவு எடுத்து வெட்டியதுபோலப் பழுதாகுமா? தையல் மெஷினில் மேல் நூல் ஒன்று, கீழே பாபின் நூல் ஒன்று. இரண்டும் பின்னினால்தான் தையல். ஒரு நூலை மட்டும் உருவி எடுத்தால் என்னிடம் இருப்பது மாதிரித்தான் இருக்கும். உன்னிடம் இருப்பது நகல் இல்லை. அது என்னுடையதன் மறு நூல். வாழைப்பழத்தை ஆளுக்குப் பாதி பிய்ப்பதுபோல் நீ இதைப் பிய்த்துவிட்டாய்.

விபத்து நடந்தது மார்ச் 11. என் டிஸ்க்கில் மார்ச் 2 வரை இருக்கிறது, அடுத்து மார்ச் 20. அந்த நாள் உன்னிடம் இருக்கிறது.

உன் டிஸ்க்கை உடனே அனுப்பு. லைசென்ஸ் அலுவலகத்தில் விசாரித்தேன். பிய்ந்த வரிகளை ஏற்க மாட்டார்கள், பதிவு முழுதாகத் திறக்க வேண்டும், அவர்கள் ஆள் வந்து சோதிப்பாராம்.

ஒன்பது வருடமாக உன்னைத் திட்டியிருக்கிறேன். அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விசாரணையில் வாய் மூடி நின்றதற்கான பாதி அப்படியே இருக்கட்டும்.

அக்கா

*

ஜூலை 8

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நீ கண்டுபிடித்தது சரி. இப்போதுதான் எனக்கும் ஞாபகம் வருகிறது. டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று ஒரு தடவை டெக்னீஷியன் வந்து, உள்ளே ஒரு கார்டைச் சொருகி, இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து ஒரே டிஸ்க்காகக் காட்டும்படி செய்துவிட்டுப் போனார். நான் அதைப் புரிந்துகொள்ளவில்லை.

டிஸ்க்கை அனுப்புவதில் ஒரு யோசனை. பார்சலில் தூக்கிப் போடுவார்கள். இவ்வளவு பழைய சாமான் தாங்குமா? இங்கேயும் கொஞ்சம் வேலை நெருக்கடி. ஒருவேளை வேறு ஆதாரம் ஏதாவது கிடைக்குமா என்று முதலில் பார்க்கலாம். மாமாவுக்கும் இந்த வயதில் மறுபடி விசாரணை, கேள்வி, அலைச்சல் எல்லாம் எப்படி இருக்குமோ. யோசித்து எழுதுகிறேன்.

தம்பி

*

ஜூலை 14

தம்பிக்கு,

யோசித்து எழுதுகிறாயா? பதினாலு வருடம் யோசித்தது போதவில்லையா?

சின்ன வயதில் அப்பாவின் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, யாரும் கேட்காதபோதே "கடிகாரம் நல்லாத்தான் இருக்கு" என்று வந்து சொன்னவன் நீ. இந்தக் கடிதமும் அதே குரலில்தான் இருக்கிறது. பார்சல் தாங்காதாம். வேலை நெருக்கடியாம். மாமாவுக்கு அலைச்சலாம். யாரிடம் பூசி மெழுகுகிறாய்? மாமா தினமும் எட்டு மணி நேரம் வெயிலில் நின்று கம்பி தூக்குகிறாரே, அது அலைச்சல் இல்லையா? போன வாரம் பழைய யார்டு ஆள் ஒருவர் காரில் வந்திருக்கிறார். இவரை அடையாளம் தெரிந்தும் தெரியாததுபோல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சொன்னார். சொல்லிவிட்டு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "நான் தப்பு பண்ணலேன்னு எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு" என்றார். லைசென்ஸ் வராவிட்டால் போகட்டும். அந்தச் சந்தேகத்தோடு அவர் சாகக்கூடாது.

உன்னிடம் இருக்கும் அந்தப் பதினெட்டு நாளில் நீ பயப்படும்படி ஏதோ இருக்கிறது. என்னவென்று நான் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் அனுப்பு. ஜூலை முடிவதற்குள் பார்சல் வரவில்லையென்றால் நான் வண்டி ஏறி வருவேன். உன் பணிமனை ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று, ஸ்பானர் கேட்கிற எல்லோர் முன்னாலும் கேட்பேன். நான் சொன்னால் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா

*

ஜூலை 21

அக்கா,

டிஸ்க் இந்தக் கடிதத்தோடு வருகிறது. நாலு அடுக்கு ஸ்பாஞ்சு சுற்றி, பழைய ஸ்பானர் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஜம்பரை மாஸ்டரில் வைத்துவிட்டேன். இதற்கும் தனியாக ஒரு அடாப்டர் வாங்கு, ஒன்றில் இரண்டையும் மாட்டாதே. இதற்கும் முதலில் நகல் எடு. இரண்டு நகலையும் சேர்த்து ஒரே டிஸ்க்காகப் படிக்கிற மென்பொருள் உண்டு, மகளிடம் சொல், தேடி எடுப்பாள். பதிவை வெட்டி இரண்டு டிஸ்க்கிலும் மாறி மாறிப் போடுகிற துண்டின் அளவு 64 கிலோபைட் என்று அந்தக் கார்டில் எழுதியிருந்தது. எது முதல், எது இரண்டாவது என்று எனக்குத் தெரியாது. மாற்றி மாற்றி வைத்துப் பார்.

நீ திறப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை லாரி மேடையில் ஏறியதும், வெறும் லாரியின் எடை போக 26,940 என்று காட்டியது. நான் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து வந்து பார்க்கவே இல்லை. "இருபத்தேழுன்னு போட்டா பெரிய கிரேன் வரணும். ரெண்டு நாள் ஆகும். நேத்து வந்த இயந்திரம் பதினெட்டு நானூறு, இதுவும் அதே மாதிரிதான். அதையே போடு" என்றார். "மேடையில அதிகமா காட்டுதே சார்" என்றேன். "மேடைதான் தப்பா காட்டுது. நீ படிச்ச பையன்தானே, கைலதானே டைப் அடிக்கிறே?" என்றார்.

உனக்கு இது தெரிந்திருக்காது. மேடை காட்டும் எடையைக் கம்ப்யூட்டர் தானாகப் பதிந்துகொள்ளும். சீட்டில் போகும் எடையை நாங்கள் கையால் அடிப்போம். நான் 18,400 என்று அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். சீட்டைக் கொண்டுபோய் மாமாவின் கையிலேயே கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாங்கினார். நான் கொடுத்த சீட்டு என்பதால் இரண்டாவது முறை பார்க்கவில்லை.

விசாரணையில், மேடை காட்டியதைத்தான் அடித்தேன் என்று சொன்னேன். அவர்கள் சீட்டை மட்டும் பார்த்தார்கள், கம்ப்யூட்டரை யாரும் திறந்து பார்க்கவில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது, பயம், வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் மிரட்டினார். இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கிரேனைச் சாய்த்தது மாமாவின் கை இல்லை அக்கா, என் கை.

யார்டு மூடியபோது டிஸ்க்கை உனக்குக் கொடுத்ததும் கோழைத்தனம்தான். என் வாயால் சொல்ல முடியாததை நீயே படித்துத் தெரிந்துகொள்வாய், பிறகு வந்து என்னை அறைவாய் என்று காத்திருந்தேன். நீ பேசுவதை நிறுத்தியதும், படித்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். முதல் கடிதத்தில் வேறு காரணம் எழுதியது மழுப்பல். தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாள் என்று ஒன்பது வருடம் உன்னை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். நீயோ அந்த டிஸ்க் காலி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

உன் இரண்டாவது கடிதம் வந்த அன்றே தெரிந்துவிட்டது, இது திறந்தால் என் எண் வெளியே வரும் என்று. ஆள் எண் 2 என்பது நான். அதனால்தான் போன கடிதத்தில் இழுத்தேன். இனி இழுக்க மாட்டேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 2

வாண்டு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று. இன்றைக்கு வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை உன் மாமாவிடம் கொடுக்க இரண்டு நாள் தயங்கினேன். முதலில் நான் படித்துவிட்டு, தொழிற்சாலைக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டினேன். உன்னை அறைய வேண்டும்போல்தான் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

பெட்டி நல்லபடியாக வந்தது. டிஸ்க்கை மாட்டி நகல் எடுக்கும்போது கடகடவென்று இரண்டு முறை நின்றது. மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நானும் மகளும் பக்கத்திலேயே நின்றோம். மூன்றாம் முறை கடைசிவரை ஓடிவிட்டது. நகலைச் சேர்க்கும்போது, மார்ச் 11 உன்னிடம்தானே இருக்கிறது என்று உன்னுடையதை முதலில் வைத்தேன். வெறும் குப்பை வந்தது. மாற்றி, என்னுடையதை முதலில், உன்னுடையதை இரண்டாவதாக வைத்தேன். எல்லாம் ஒழுங்காகத் திறந்துவிட்டது. அக்காதான் மூத்தவள் என்று டிஸ்க்குக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 11-க்குப் போனோம். நீ எழுதியதெல்லாம் இருக்கிறது. மேடை 26,940. சீட்டு 18,400. ஆள் எண் 2. ஆனால் நீ எழுதாத ஒன்றும் இருக்கிறது. அதே லாரி 9.12-க்கு மேடை ஏறியிருக்கிறது. 9.20-க்கு மறுபடி. 9.31-க்கு மறுபடியும். மூன்று முறையும் 26,940. மூன்றாவதற்குப் பிறகுதான் சீட்டு.

அந்த இடத்தில் உன் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். 26,940 என்பதை விரல் வைத்துப் படித்தார். "சொன்னேனே, என் கைக்குத் தெரிஞ்சுதுன்னு" என்றார். பதினாலு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு மூன்று வரிகளையும் மறுபடி பார்த்தார். "மூணு தடவை லாரியை மேடையில ஏத்தியிருக்கான். மனசு கேக்கல அவனுக்கு" என்றார். எனக்கு உன் மேல் அவ்வளவு சீக்கிரம் இரக்கம் வராது. அவருக்கு வந்துவிட்டது. அது அவர் சுபாவம்.

ஆள் எண் இருக்கிற பத்தியை மறைத்துவிட்டு அச்செடுத்துக் கொடுக்கலாமே, எடை மட்டும் தெரிந்தால் போதாதா என்று மகள் கேட்டாள். மாமன் மேல் பாசம். முடியாது என்றேன். ஒரு எண்ணை மறைத்ததில்தான் இத்தனையும் வந்தது, இன்னொன்றை மறைக்க என்னால் ஆகாது. முழுதாகத்தான் கொடுக்கப்போகிறேன்.

நேற்று மனு கொடுத்தாயிற்று. ஆகஸ்ட் 19 விசாரணை. டிஸ்க் பேசும், ஆனால் அந்த மேற்பார்வையாளர் உன்னிடம் சொன்னது டிஸ்க்கில் இல்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். காலை பத்தரை மணி, இரண்டாம் மாடி. நீ வந்து நின்றால், அன்று வாய் மூடி நின்றதற்காக நான் வைத்திருக்கும் திட்டின் மிச்சப் பாதியைப் பற்றி யோசிக்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்கா,

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். "சாட்சி சொல்ல" என்றேன். சொல்லும்போதே பாதிப் பயம் போய்விட்டது.

சொல்லப்போவதை நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வழியில் எனக்குக் கால் பின்வாங்கினால் நீ இதைக் கொடுத்துவிடு. ஆனால் வருவேன். எனக்கு என்ன தண்டனை வந்தாலும் வரட்டும்.

கைகாட்டி அண்ணனின் முகவரியைத் தேடிப் பிடித்து அவருக்கும் எழுதிவிட்டேன். விசாரணை அறையில் வைத்து அவர் முதல் முறையாகக் கேட்கக்கூடாது. பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

மூன்று முறை எடை போட்டது எனக்கு ஞாபகமே இல்லை அக்கா. ஒரே முறை பார்த்துவிட்டு அடித்தேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

உன் தம்பி

*

அக்டோபர் 5

வாண்டு,

விசாரணை அன்று நீ பேசி முடித்துவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் நேராகப் பேருந்து நிலையத்துக்கு ஓடிவிட்டாய். குடையைக்கூட விட்டுவிட்டுப் போனாய். என்னிடம்தான் இருக்கிறது.

தீர்ப்பு வந்துவிட்டது. லைசென்ஸைப் பறித்தது தவறு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை உன் மாமா எத்தனை முறை படித்தார் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பதினாலு வருட இடைவெளி என்பதால் ஓட்டும் பரீட்சையில் மறுபடி தேற வேண்டும், நவம்பரில். உன் பொய் வாக்குமூலத்தைத் தனியாக விசாரிப்பார்களாம், மேற்பார்வையாளரையும் கூப்பிடுகிறார்களாம். உனக்குத் தபால் வரும். அன்றைக்கு நானும் வருவேன், உன் பக்கத்தில் உட்காருவேன். மிச்சப் பாதியையும் திரும்ப எடுத்துக்கொண்டாயிற்று என்று இதிலிருந்து தெரிந்துகொள். எழுத்தில் கேட்காதே.

அன்று கைகாட்டி உன்னைப் பார்க்காமலே போனார் என்று நீ போனில் குறைப்பட்டதாக மகள் சொன்னாள். நேற்று வீட்டுக்கு வந்தார். செயற்கைக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் உன் மாமாவோடு பேசினார். போகும்போது என்னிடம், "அவன் லெட்டரைப் படிச்சேன். இப்பச் சொன்னது நல்லதுதான். அப்பவே சொல்லியிருந்தா என் வீட்லயும் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுக்காம இருந்திருப்போம்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உனக்குத் தெரிய வேண்டியதுதான், அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம். பரீட்சைக்கு முன் பழகிக்கொள்ள ஒரு சின்ன யார்டில் இவரை விடுகிறார்கள். கடந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். கிரேனில் ஏறி உட்கார்ந்தவர், லீவரில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். "தூக்குங்கண்ணே" என்றார்கள். "எடை பாத்துட்டு வாங்க" என்றார். சீட்டு இருக்கிறது என்று காட்டினார்கள். அதை வாங்கவே இல்லை. "சீட்டு வேணாம், யாராவது மேடையில பாத்துச் சொல்லுங்க" என்று இறங்கிவிட்டார். அங்கே எடைமேடை ஆள் ஒரு மாதம் விடுப்பில் இருக்கிறாராம். அப்படியானால் யார் பார்ப்பது என்று யார்டுக்காரர் கேட்டார்.

"என் மச்சினன் பாத்துச் சொல்லுவான்" என்றார் உன் மாமா.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்துவிடு. மறக்காமல் ஒன்று சொல்லச் சொன்னார். ஒரு தடவை பார்த்தால் போதுமாம்.

அக்கா